தோற்றவனுக்கு வழிச்செலவு

7

செத்துப்போனவனின் கோலுக்கு யாரோ மூக்கறுத்திருந்தார்கள்.

நேடீன் கெசிங்கர் அதைத் தோலுறையிலிருந்து உருவி, இமோஜீன் ட்ராஸ்கின் மேஜைமேல், கைக்குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினாள். நல்ல மேப்பிள் மரத்தில் செய்த பில்லியர்ட்ஸ் கோல். நுனியில், பந்தைத் தொடுகிற இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தோல் வில்லை ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லை. கத்தியால் சீவிய வடு மட்டும் இருந்தது.

"ஷெரீஃப் ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்தாங்க மிஸ் இமோஜீன். கார்ல அவர் பக்கத்துல கிடந்துச்சாம். நுனி எங்கேன்னு கேட்டேன். 'புருஷன் நெஞ்சுல ஓட்டை, நீங்க கோலைப் பத்திக் கேக்கறீங்களே'ன்னு ஒருத்தன் சிரிச்சான்."

இமோஜீன் சிரிக்கவில்லை. அவள் சிரித்து ஓவன்ஸ்பரோவில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும். புகையிலைக் கிடங்குகள் தாமாகத் தீப்பிடிப்பதில்லை என்பதை ஒரு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குப் பாதி ஆயுசு நிரூபித்துக் கொடுத்த அம்மாள்; இப்போது தூண்டில் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறாள். கனத்த உடம்பு, கனத்த கோட்டு, வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மிண்ட்.

"பிஸ்கட்," என்றாள் அவள். "உனக்குத் தெரிஞ்சு யாராவது கோல் நுனியை வெட்டிப்போடுவாங்களா?"

ஜன்னலோரம் ஹீட்டரைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றிருந்த உதவியாளன் திரும்பினான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஹார்லன் பர்விஸ். பிஸ்கட் என்ற பெயர் எப்படி வந்தது என்று அவன் இடுப்பைப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. ஒருகாலத்தில் சில்லறைக்கு ஆடியவன். சில்லறையாகவே நின்றுபோனவன்.

"தேஞ்சா மாத்துவாங்க. வெட்டிட்டு மொட்டையா விடமாட்டாங்க. பல்லைப் பிடுங்கிட்டுப் பல்செட்டு வெக்காம அனுப்புற மாதிரி அது." சொல்லிவிட்டு நேடீனின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அவன் மனசுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பாதிரி ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று சனிக்கிழமையே ஊர் முடிவு செய்துவிட்டது. ஊரோடு ஒத்துத்தான் பிஸ்கட்டும் நினைத்திருந்தான்.

பாதிரி என்றால் தேவாலயப் பாதிரி இல்லை. நேடீனின் புருஷன் டுவைட் கெசிங்கர்தான். ஆட்டத்தின் நடுவே கெட்ட வார்த்தை பேசமாட்டான், அடுக்கிய பந்துகளை முதல் அடியில் சிதறடிக்குமுன் ஒரு நொடி கண்ணை மூடுவான். அதற்காக வைத்த பெயர். கென்டக்கியில் அவனைப்போல் ஒன்பது பந்து ஆட்டம் ஆடுகிறவன் இல்லை. லூயிசியானாவிலிருந்து அல்சீட் பட்டீஸ்ட் என்பவன் வந்தான். தன் ஆட்டத்துக்குத் தன் பணத்தையே வைப்பவன். பாதிரியிடம் அவ்வளவு பணம் ஏது? அவனுக்குப் பணம் போட்டவர் புகையிலைக் கிடங்கு முதலாளி ராய்ஸ் ஹாடிக்ஸ். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். ஆடுகிறவன் குதிரை, பணம் போடுகிறவர் குதிரைக்காரர். ஜெயித்தால் இருவருக்கும் பங்கு, தோற்றால் போவது குதிரைக்காரரின் பணம். கிடங்கையே அடகு வைத்துப் போட்டதாக ராய்ஸ் எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் ராய்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. தோற்றவனை வெறுங்கையோடு அனுப்பினால் ஜெயித்தவனுக்கு ஆகாது என்பது ஆட்டக்காரர்களின் பழைய நம்பிக்கை. ஜெயித்த பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அவன் கையில் வைப்பார்கள். அதற்கு வழிச்செலவு என்று பெயர். மானமுள்ளவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ராய்ஸ் கேட்டு வாங்குவார். ஒரு காப்பிக்குப் பந்தயம் கட்டித் தோற்றாலும் பெட்ரோலுக்கு என்று கை நீட்டுவார். அவர் வாங்கிய வழிச்செலவையெல்லாம் சேர்த்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்; வழியில் சாப்பாடும் ஆகியிருக்கும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இரண்டு நாள் ஆடினார்கள். ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுகிறவனுக்கு ஆட்டம்; முதலில் இருபத்தொரு ஆட்டம் எடுப்பவனுக்கு வெற்றி. ஆளுக்கு இருபதில் வந்து நின்றது. கடைசி ஆட்டத்தில் அல்சீட் எட்டுப் பந்துகளையும் வரிசையாகப் போட்டுவிட்டு ஒன்பதைத் தவறவிட்டான். ஒன்பது போய்க் குழி வாசலில் நின்றது. தட்டினால் விழும். தட்ட வேண்டியவன் பாதிரி.

பாதிரி தட்டினான். பந்து விழவில்லை. அடுத்துத் தட்டிய அல்சீட்டுக்கு விழுந்தது.

மறுநாள் காலை ஆற்றங்கரையில், படகுத்துறைப் பக்கம், காருக்குள் சுடப்பட்டுக் கிடந்தான். சட்டைப் பையில் இரண்டு நூறு டாலர் தாள்கள், சூயிங்கம் பட்டைபோல நீளவாட்டில் மடித்தவை. அப்படி மடிப்பவன் அல்சீட் ஒருவன்தான். ஷெரீஃபுக்கு அது போதுமாயிருந்தது. பாதிரி ஆட்டத்தை அல்சீட்டுக்கு விற்றான், பங்கு பிரிக்கையில் சண்டை வந்தது, அல்சீட் சுட்டான். தவிரவும் அல்சீட் வெளியூர்க்காரன், கறுப்பன், ஜெயித்தவன். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் எங்கள் கவுண்டியில் சாட்சி தேடி யாரும் அலைவதில்லை.

நாளைக் காலை வழக்கு ஜூரிக்கு முன்னால் போகிறது. அங்கிருந்து எடிவில் சிறையின் மின்சார நாற்காலிக்குப் பாதை நேராகத்தான் இருக்கும்.

"அவர் விக்கலை," என்றாள் நேடீன். "தோத்த உடனே பில்லியர்ட்ஸ் கூடத்துப் போன்லேர்ந்து கூப்பிட்டார். 'நேடீ, நான் தவறவிடலை, கோல் வழுக்கிடுச்சு. ஒருத்தரை ஒரே ஒரு கேள்வி கேக்கணும், கேட்டுட்டு வந்துடறேன்'னார். ஷெரீஃப்கிட்ட சொன்னேன். எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தான் சொல்வாங்கன்னார்."

இமோஜீன் கோலின் மொட்டை நுனியைக் கட்டைவிரலால் தடவினாள்.

"வழுக்கின நுனி. அதை வெட்டி எடுத்துட்டாங்க. அப்ப நுனி ஏதோ சொல்லியிருக்கும்," என்றாள். எழுந்தாள். "கிளம்புங்க. முதல்ல ஜெயில்."

•

கம்பிக்குப் பின்னால் அல்சீட் பட்டீஸ்ட் இன்னும் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். நேடீனைக் கண்டதும் எழுந்தான். அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரவும் மனசில்லை, போகவும் மனசில்லை.

"ஆட்டத்தை வாங்கினியா?" இமோஜீன் சுற்றி வளைப்பதில்லை.

"அம்மா, பாதிரிகிட்ட ஆட்டத்தை வாங்கறதுன்னா முதல்ல அவன்கிட்ட போய்க் கேக்கணும். அந்தத் தைரியம் இருந்திருந்தா நான் சிங்கம் புலி பிடிக்கப் போயிருப்பேன்."

"சட்டைப்பையில உன் தாள் ரெண்டு."

"வழிச்செலவு." அவன் அதை மெதுவாகச் சொன்னான். "அவன் கேக்கலை. நான்தான் வெச்சேன். கை நடுங்கிட்டிருந்துச்சு அவனுக்கு. ஷெரீஃப்கிட்ட சொன்னேன், 'தோத்தவனுக்குச் சும்மா எவன்டா காசு கொடுப்பான்'னு கேக்கறார். நீங்களே சொல்லுங்க. ஆட்டத்தை வித்தவனுக்குப் பாதிப் பங்கு போகும். பாதிப் பங்கு போறவனுக்கு எதுக்கு எரநூறு டாலர் வழிச்செலவு?"

"கல்யாணத்துல மாப்பிள்ளைக்கே பந்தி டோக்கன் கொடுத்த மாதிரி," என்றான் பிஸ்கட். ஆனால் சொல்லும்போதே அவனுக்கு ஏதோ உறுத்தியது. சனிக்கிழமை கூடத்தில் நின்று காறித் துப்பியவர்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே. ஷெரீஃபுக்கு வழக்கம் தெரியாது. எங்களுக்குமா தெரியாது?

"ராய்ஸுக்கும் மடிச்சு வெச்சிருந்தேன்," என்றான் அல்சீட். "அவரும் தோத்தவர்தானே. ஆள் வரலை. அந்த ரெண்டு தாளும் ஜெயிலர்கிட்ட என் சாமானோட இருக்கும்."

இமோஜீனின் வாயில் பெப்பர்மிண்ட் உருளுவது நின்றது. பிறகு மறுபடி உருண்டது.

வாசலில் நின்ற நேடீன் முதல் தடவையாக அவனைப் பார்த்துப் பேசினாள். "கை நடுங்குச்சுன்னீங்களே. எந்தக் கை?"

"இடது கை, அம்மா."

அவள் தலையாட்டினாள். கோபம் வந்தால் பாதிரிக்கு நடுங்குவது இடது கைதான். அவளுக்கு அது போதும். ஜூரிக்குப் போதாது.

•

லாவெல் ஹூக்ஸின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் மத்தியானம் என்றால் ஆட்டுக்கறிப் புகை வாசனையும் ஈரக் கோட்டுகளின் வாசனையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். வெளியே ஆலங்கட்டியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது. எல்லா மேஜையிலும் விளக்கு, நடு மேஜையில் மட்டும் இல்லை. அதன்மேல் கறுப்பு ரெக்சின் துணி போர்த்தியிருந்தது. பாதிரி கடைசியாக ஆடிய மேஜை. செய்தி வந்த காலையில் லாவெல் போர்த்தியவன், இன்னும் எடுக்கவில்லை.

அந்த மேஜைக்கு மிக அருகிலிருந்த ஸ்டூலில் ராய்ஸ் ஹாடிக்ஸ் உட்கார்ந்து, மடக்குக் கத்தியால் புகையிலைக் கட்டியிலிருந்து ஒரு துண்டை அறுத்து வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். நேடீனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"நேடீன் கண்ணு. என் பணம் போச்சுன்னு நான் அவனைத் தப்பா நினைக்கலை. மனுஷன்னா சபலம் வரத்தான் செய்யும். நான் மன்னிச்சுட்டேன்."

"நான் கேக்கலையே," என்றாள் நேடீன். நேராகப் போய், சுவரோரம் ஆட்டத்தின்போது பாதிரி உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரும் உட்காரவில்லை.

பிஸ்கட் கவுண்டரில் லாவெலிடம் குனிந்தான். "பெரியவர் இங்கயே குடியிருக்காரா?"

"ரெண்டு நாளா காலையில கதவு திறக்கும்போதே நிக்கறார். துணியை எப்ப எடுப்பேன்னு கேட்டுக்கேட்டு உசுரை வாங்கறார். தானே எடுத்து மேஜையைப் பிரஷ் பண்ணித் தரேங்கறார். குடிச்ச கப்பைக்கூட நகர்த்தி வெக்காத மனுஷன்டா!"

"துக்கம் ஆளை மாத்திடும்."

"என் காப்பிக் கடனைக் கொடுக்கற அளவுக்கு மாத்தலை."

கவுண்டரின் கோடியில் துணை ஷெரீஃப் கிரேடி ஆஷ்பி கைக்குட்டையைக் கழுத்தில் செருகிக்கொண்டு ஆட்டுக்கறி சாண்ட்விச்சில் மும்முரமாயிருந்தான். இமோஜீன் அவன் தோளைத் தொட்டாள்.

"கிரேடி, சாப்பிட்டுக்கிட்டே கொஞ்சம் கண்ணைத் திறந்து வெச்சுக்கோ."

"சாப்பாட்டுக்குக் கவுண்டி காசு கொடுக்கறதில்லை, மிஸ் இமோஜீன்."

"அதுக்குத்தான் சாப்பிட்டுக்கிட்டேன்னு சொன்னேன்." அவள் திரும்பினாள். "லாவெல், துணியை எடு."

லாவெல் நேடீனைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். துணி சரசரவென்று வழிந்து இறங்கியது. பச்சை மேஜை. சனிக்கிழமை எப்படி விட்டார்களோ அப்படியே. ஒன்பதாம் பந்து, அல்சீட் கடைசியில் தட்டிவிட்ட குழிக்குள்ளேயே கிடந்தது. மரச் சட்டத்தின்மேல் வரிசையாக, கோல் நுனியில் தேய்க்கிற சாக்கட்டிகள், பச்சையில் நாலைந்து, நீலத்தில் ஒன்று. லாவெல் வாங்கிப்போடுவது பச்சை. நீலம் பாதிரியின் சொந்தச் சாமான். அடுத்தவன் சாக்கைத் தொட்டால் அடுத்தவன் தரித்திரம் ஒட்டும் என்பது ஆட்டக்காரர்களின் சாஸ்திரம். தனக்கென்று தனி நிறம் வைத்துக்கொண்டவன் பாதிரி.

"நான் ஒதுக்கித் தரேன்," என்று ராய்ஸ் அதற்குள் சட்டத்தை எட்டிவிட்டார்.

"கையை எடுங்க ராய்ஸ்." இமோஜீனின் குரல் உயரவில்லை. "பிஸ்கட், கடைசி அடியை அப்படியே வெச்சு அடிச்சுக் காட்டு. எவ்வளவு லேசுன்னு பார்க்கணும்."

சுவரோரக் கூட்டம் சும்மா இருக்குமா? ஆட்டத்தை வேடிக்கை பார்த்தே ஆயுளைக் கழிக்கிற ஜனம். "பிஸ்கட்டா? டேய், குழியை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்துங்கடா!" என்றான் ஒருவன். "பந்தை அடிக்கணும்டா, கடிக்கக் கூடாது," என்றான் இன்னொருவன்.

பிஸ்கட் லாவெலின் சுவரிலிருந்து ஒரு கோலை உருவினான். ஒன்பதைக் குழி வாசலில் வைத்தான். வெள்ளைப் பந்து நேர் எதிரே. எட்டு வயசுப் பிள்ளை போடும் பந்துதான். ஒரே ஒரு சங்கடம்: நடுவில் அடித்தால் வெள்ளையும் பின்னாலேயே குழிக்குள் விழுந்து ஆட்டம் போய்விடும். வெள்ளையின் அடிவயிற்றில் குத்திப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதற்கு நுனி பந்தைக் கவ்வ வேண்டும். கவ்வுவதற்குத்தான் சாக்.

"எந்தச் சாக்கு?" என்றான்.

"பாதிரியோடது."

தரித்திரத்தை நினைத்துக் கொஞ்சம் தயங்கிவிட்டு, நீலக் கட்டியை எடுத்து நுனியில் தேய்த்தான் பிஸ்கட். குனிந்தான். அடித்தான்.

'டிக்' என்று ஒரு கேவலமான சத்தம். கோல் வழுக்கி, வெள்ளைப் பந்து ஒன்பதைத் தொடாமலேயே பக்கவாட்டில் ஓடியது.

கூடம் வெடித்தது. "நனைஞ்சுபோன பிஸ்கட்டு!" "அவனுக்கு ஒரு டம்ளர் பால் கொடுங்கடா!" பிஸ்கட்டின் காது சிவந்தது. மறுபடி தேய்த்தான், நன்றாக அழுத்தியே. மறுபடி குனிந்தான். மறுபடி அதே 'டிக்'. இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் நேடீன் எழுந்து நின்றிருந்தாள்.

"அந்தச் சத்தம்தான்," என்றான் லாவெல், தனக்குத்தானே சொல்வதுபோல. "சனிக்கிழமை கேட்டது."

"இப்ப நுனியை நல்லாத் துடைச்சுட்டுப் பச்சையை எடு," என்றாள் இமோஜீன்.

பிஸ்கட் நுனியை உப்புத்தாளில் உரசினான், பச்சைச் சாக்கைத் தேய்த்தான், அடித்தான். ஒன்பது 'தொப்'பென்று விழுந்தது. வெள்ளைப் பந்து சொன்ன பேச்சுக் கேட்டு அவனிடமே திரும்பி வந்தது. யாரும் கைதட்டவில்லை.

இமோஜீன் நீலக் கட்டியை விளக்கடியில் பிடித்து நகத்தால் சுரண்டினாள். சாக்கென்றால் பொடியாக உதிர வேண்டும். இது சுருள் சுருளாக வந்தது. ஒரு சுருளைக் கிரேடியின் தட்டில் போட்டாள்.

"மெழுகு," என்றாள். "உருக்கி ஊத்தி ஊறவெச்சிருக்காங்க, மேலே மட்டும் கொஞ்சம் நீலப்பொடி. கிரேடி, நீ சாப்பிடறவன், யோசிக்கக்கூடியவன். தோக்கறதுக்குக் காசு வாங்கினவன் கோலுக்கு எதுக்கு மெழுகு? அவனே தவறவிட்டுட்டுப் போறான்."

கிரேடி சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். அவன் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

பிஸ்கட் கோலைச் சுவரில் மாட்டினான். பாதிரி விற்கவில்லை. எத்தனை பேர் அவனைக் காறித் துப்பினார்கள், இதே தரையில். துப்பின வாயெல்லாம் இப்போது மூடிக்கொண்டிருந்தது.

"அந்த லூயிசியானாக்காரன் வேலையாத்தான் இருக்கும்," என்றார் ராய்ஸ். "கட்டியை மாத்தி வெச்சிருப்பான்."

"அவன் எதிர்ச் சுவர்ல உக்காந்திருந்தான்," என்றான் லாவெல். "காசு ஆட்டத்துல ஒருத்தன் நாற்காலிகிட்ட இன்னொருத்தன் போனா அடிதடிதான் நடக்கும். சாக்கு, துண்டு, தண்ணி எல்லாம் நாற்காலிகிட்ட. அங்க போக உரிமை உள்ளவர் குதிரைக்காரர் ஒருத்தர்தான். நான் தண்ணி கொண்டுவந்தேனே ராய்ஸ், என்னையே விடலை. நீங்கதான் வாங்கி வெச்சீங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. ராய்ஸ் ஸ்டூலிலிருந்து இறங்கினார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"நானா? டேய், என் அப்பன் கட்டின கிடங்கை வெச்சேன்டா அவன் மேல! அது போச்சு! எவனாவது தன் குதிரைக்குத் தானே விஷம் வெப்பானா? என் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுக்குவேனா? சொல்லுங்கடா!"

கூட்டம் தடுமாறியது. பிஸ்கட்டும் தடுமாறினான். நியாயமான கேள்விதான். இந்தக் கூடத்தில் அந்த ஆட்டத்தால் நாசமானவர் ஒருவர் உண்டென்றால் அது ராய்ஸ்தான். எஜமானியம்மாள் இந்தத் தடவை காலை விட்டுவிட்டாளோ என்று நினைத்தான்.

இமோஜீன் கோட்டுப் பையிலிருந்து புதிதாக ஒரு பெப்பர்மிண்ட்டை எடுத்து, காகிதத்தைப் பொறுமையாகப் பிரித்தாள்.

"ராய்ஸ், வழிச்செலவு யார் கொடுத்தா உங்களுக்கு?"

"என்னது?"

"தோத்தீங்களே. கிடங்கே போச்சே. அல்சீட் உங்களுக்குன்னு ரெண்டு தாள் மடிச்சு வெச்சுக்கிட்டுக் காத்திருந்தான். அது ஜெயிலர்கிட்ட இன்னும் அப்படியே இருக்கு. நீங்க ஏன் போய்க் கேக்கலை?"

ராய்ஸ் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்... மனசு உடைஞ்சிருந்தேன். யாருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும்?"

சுவரோரக் கூட்டத்திலிருந்து சரக்குப்படகில் வேலை பார்த்த கிழவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "ஓய் ராய்ஸ். உங்கம்மா செத்த அன்னிக்கு எங்கிட்ட தோத்துட்டு, மலர்வளையத்துக்குன்னு அஞ்சு டாலர் வாங்கிட்டுப் போனீரே. அன்னிக்கு ஞாபகம் இருந்துச்சே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவரும் எப்போதாவது ராய்ஸுக்குப் பெட்ரோல் காசு கொடுத்தவர்கள். ஒவ்வொருவரும் சனிக்கிழமையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். பந்து தவறியது, கூட்டம் கத்தியது, அல்சீட் பணத்தை எடுத்தான். ராய்ஸ்? தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கை நீட்டாமல்.

"தோத்த மாதிரி அழத் தெரிஞ்சுது உங்களுக்கு," என்றாள் இமோஜீன். "தோத்த மாதிரி கை நீட்ட மறந்துட்டீங்க. ஏன்னா நீங்க தோக்கலை. முன்வாசல்ல உங்க குதிரை மேல கட்டினீங்க, ஊரெல்லாம் கேக்கற மாதிரி. பின்வாசல்ல, போன்ல, வேற ஊர்ல, எதிராளி மேல அதைப்போலப் பல மடங்கு. இங்க போனதை அங்க அள்ளிட்டீங்க. வீடு திரும்ப வழிச்செலவு எதுக்கு?"

"கதை! சாட்சி எங்கே?"

"ஆளுக்கு இருபதுன்னு வந்து நின்னதும் கட்டியை மாத்தி வெச்சீங்க. பாதிரி வெளியே போய் யோசிச்சான். கோல் வழுக்குச்சு, சாக்குக் கிட்ட போனது ஒரே ஒரு ஆள். அந்த ஆளைத்தான் ஒரே ஒரு கேள்வி கேக்க வந்தான். படகுத்துறையில அவனைச் சுட்டுட்டு, நுனியில மெழுகு இருந்ததால அதை அறுத்தீங்க. கட்டியை எடுக்க வந்தா லாவெல் துணியைப் போத்திட்டான். அதான் ரெண்டு நாளா இந்த ஸ்டூல்." அவள் திரும்பவில்லை. "கிரேடி, அவர் கத்தியை வாங்கு."

கிரேடி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அந்த நேரம் கதவுப்பக்கம் நின்றிருந்தவர்கள் யாரும் சொல்லாமலே நெருங்கி நின்றுகொண்டார்கள். ராய்ஸ் கதவைப் பார்த்தார். பிறகு கத்தியைக் கொடுத்தார்.

அலகு பளபளவென்று இருந்தது. கழுவித் துடைத்த கத்தி. ஆனால் கத்தியைத் துடைக்கிறவர்கள் அலகைத்தான் துடைப்பார்கள். மடிப்புக்குள் யார் குச்சி விட்டுக் குடைகிறார்கள்? கிரேடி அதைத் தன் வெள்ளைத் தட்டின்மேல் கவிழ்த்துத் தட்டினான். புகையிலைத் தூள் விழுந்தது. அதோடு நீலமாகக் கொஞ்சம்.

"நீங்க ஆடறதே இல்லையே ராய்ஸ்," என்றான் பிஸ்கட். அவன் குரலில் வேடிக்கை இல்லை. அது அவனுக்கே புதிதாயிருந்தது. "காசு மட்டும்தானே போடுவீங்க. பாதிரியோட நீலம் உங்க கத்திக்குள்ள என்ன பண்ணுது?"

புகையிலையை மென்றுகொண்டிருந்த ராய்ஸின் தாடை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் முன்னால் வரை அழுத கண்ணில் இப்போது, அழ வேண்டிய நேரத்தில், ஒரு சொட்டும் இல்லை. கிரேடி விலங்கை எடுத்தான். பழக்கமில்லாத வேலை. இரண்டு தடவை தவறவிட்டுத்தான் ஒரு மணிக்கட்டில் பூட்டினான்.

"அந்த லூயிசியானாக்காரன்..." என்று இழுத்தான் கிரேடி.

"இன்னிக்கே," என்றாள் இமோஜீன். "நாளைக்கு இல்லை. ஷெரீஃபைத் தூங்கறார்னா எழுப்பு. சாப்பிடறார்னா பிடுங்கு."

நேடீன் அந்த நாற்காலியிலிருந்து நடந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. தொப்பி வைத்திருந்தவர்கள் எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜனம். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். அவள் யாரையும் பார்க்கவில்லை. ராய்ஸின் எதிரே நின்று கைப்பையைத் திறந்தாள். கிரேடி பதறிப்போய் இடையில் வந்தான், துப்பாக்கியோ என்று.

அவள் எடுத்தது கசங்கிய ஒரு ஐந்து டாலர் தாள்.

"நீங்க தோத்துட்டீங்க ராய்ஸ்," என்றாள். "எடிவில் வரைக்கும் போகணும். வழிச்செலவு."

ராய்ஸ் அவள் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். வேண்டாம் என்று தலை ஆடியது. உதடு ஏதோ சொல்லப் பார்த்தது.

விலங்கு பூட்டாத கை மட்டும், ஆயுசு முழுக்கப் பழகிய கை, தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.